மகாராஜா ஜாமீன் நின்ற வீடு

கடலுக்கும் மலைக்கும் நடுவே தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. இன்னும் இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும், நமக்கு எதற்கு வம்பு. அந்த நாட்டில் மழை பெய்தது, நெல் விளைந்தது, பிள்ளைகள் பிறந்தன, பிறந்தவை வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டன. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. கல்யாணம் ஆனபின் எங்கே போய்க் குடியிருப்பது என்பதுதான் அங்கே பெரும்பாடாக இருந்தது.

தாழைநாட்டாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வாங்கும் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன் நின்றால், கடன் தீரும்வரை கடன்பட்டவன் வீட்டில் ஜாமீன்தாரருக்கு ஓர் அறை. எந்தச் சட்டத்திலும் எழுதிவைக்கவில்லை, ஆனால் மீறியவன் ஒருத்தனும் இல்லை. பெரும்பாலும் தாய்மாமன்தான் ஜாமீன் நிற்பார். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து அந்த அறையில் ஒரு பொழுது தங்குவார். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, "எம்புட்டு அடைச்சிருக்க?" என்று கேட்பார். ஏப்பம் விட்டுக்கொண்டே போய்விடுவார். அந்த அறையில் மற்ற நாளெல்லாம் வெங்காயம் காய்ந்துகொண்டிருக்கும். யாரும் அதை ஒரு பாரமாக நினைத்ததில்லை.

இந்த நாட்டில் வடிவு என்று ஒரு பெண். அரண்மனைத் தானியக் கிடங்கில் கோணி தைப்பவள், வயது இருபத்தாறு. அவள் புருஷன் சீராளன் துறையில் ஓடம் தள்ளுகிறவன். இரண்டு பேரும் உழைக்கச் சலித்தவர்கள் இல்லை. அவர்கள் வீட்டில் கட்டிலோடு கிடந்த ஒருவரும் இருந்தார், வடிவின் அப்பா தூண்டிமுத்து. நாற்பது வருஷம் அரண்மனை முரசை அடித்துத் தெருத்தெருவாக அறிவிப்புச் சொன்னவர். ஒருநாள் முரசு வண்டியிலிருந்து விழுந்தார், இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. குரல் மட்டும் அப்படியே இருந்தது. தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்டால் நான்கு வீடு தள்ளி இருப்பவர்கள் செம்போடு வருவார்கள்.

படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷரை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். மூன்று வருஷத்தில் ஐந்து வீடு மாறினார்கள். எல்லா வீட்டுக்காரரும் நல்லவர்கள்தான். கட்டிலைப் பார்த்ததும் முகம் மாறும், அவ்வளவுதான்.

"பெரியவருக்கு நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுக்கு எவன் குடிவருவான்? நீயே சொல்லு தாயி," என்பார்கள்.

அவளால் என்ன சொல்ல முடியும்? அடுத்த தெருவில் சாவு விழுந்த வாடகை வீடுகளில், வீட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு, பிணத்தைத் தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தச் சொன்னதை அவளே பார்த்திருக்கிறாள். தூண்டிமுத்துவும் பார்த்திருக்கிறார். அவர் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாப்பது வருசம் தெருவுலயே நின்னுட்டேன் அம்மாடி. வெயிலு, மழை, நாய்க்கடி எல்லாம் தெருவுலதான். போறப்பவாவது என்னைய ஒரு கூடத்துல கெடத்து. நம்ம கூடத்துல."

வடிவு அதற்காகத்தான் கோணி தைத்தாள். சொந்த வீடு வேண்டும் என்று ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் காரணத்துக்காக ஆசைப்பட்டார்கள். அவளுக்கு அப்பாவைக் கிடத்த ஒரு கூடம் வேண்டும். ஆனால் வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்தால்தான் செல்வர் சங்கம் மீதிக்குக் கடன் கொடுக்கும். அவர்கள் சேர்த்த காசு மூன்றில் ஒரு பங்கின் பக்கத்தில்கூட வரவில்லை. ஜாமீன் நிற்கத் தாய்மாமனும் இல்லை.

அப்போதுதான் பங்குனி மாதத்தில் ஒருநாள் தெருமுனையில் முரசு கேட்டது.

"தாழைநாட்டு இளைஞர்களே! முப்பது வயது நிறையாத, சொந்த வீடு என்று ஒன்றை இதுவரை அறியாத செல்வங்களே! இனி நீங்கள் கைக்காசு ஒன்றும் இல்லாமல் வீடு வாங்கலாம். முழு விலையையும் செல்வர் சங்கம் கடனாகத் தரும். உங்கள் ஒவ்வொருவருக்கும் நம் மகாராஜாவே ஜாமீன் நிற்கிறார்!"

கட்டிலில் கிடந்த தூண்டிமுத்து தலையைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆகா! என்ன அடி, என்ன அடி! கேட்டியா புள்ள? வரி போடுறப்ப அடிக்கிற அடி வேற. இது நெசமாவே குடுக்கிற அடி. நாப்பது வருசம் அடிச்சவன் சொல்றேன், போயி வாங்கு."

"ராஜா எதுக்குப்பா நமக்கு ஜாமீன் நிக்கணும்? நம்ம யாரு, அவரு யாரு?"

"இப்பிடிக் கேக்கிறவங்களுக்குத்தான் ஒண்ணும் கெடைக்கமாட்டேங்குது," என்றார் அப்பா.

புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே முப்பது நிறைந்திருக்கக் கூடாது, சீராளனுக்கோ அதற்கு இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது. இருவரும் ஓடக்கரைத் தெருவுக்கு ஓடினார்கள். அங்கே மாடக்கண்ணு என்பவரின் வீடு. முன்னால் அகலமான கூடம், அதை ஒட்டிச் சின்னதாக ஓர் உள்ளறை, அடுப்படி, கொல்லையில் கிணறு. போன தை மாதம் அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சோடு திரும்பியவள் வடிவு. இப்போது கேட்டால் விலை ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, ரெண்டு மாசத்துல வீடு வளந்துருச்சா?"

மாடக்கண்ணு கெட்டவர் இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "போன தையில ராஜா ஜாமீன் நிக்கலியேம்மா. அவரே ஜாமீன் நிக்கிற வீட்டப் பழைய வெலைக்குக் குடுத்தா, ஊரு என்ன பேசும்? ராஜாவுக்கு அது மரியாதையா? தெருவுல எல்லாரும் ஏத்திட்டாங்க. நான் மட்டும் கொறைச்சுச் சொன்னா ராஜத்துரோகம்பாங்க."

செல்வர் சங்கத்தில் முன்பெல்லாம் கடன் கேட்டுப் போனவனின் பல்லைக்கூட எண்ணிப் பார்ப்பார்கள். இப்போது ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடனாளி ஓடிப்போனாலும் மகாராஜா கொடுத்துவிடுவார் அல்லவா, பார்த்து என்ன ஆகப்போகிறது? நாற்பது வருஷத்துக்குப் பத்திரம் எழுதினார்கள். "நாப்பது வருசமா?" என்று சீராளன் வாய்பிளந்தான். "இளைஞர்தானே, நாள் இருக்கிறது," என்றார் அங்கிருந்தவர்.

வீடு வாங்கிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. விலை ஏறிவிட்டது, இளைஞர்களால் வாங்க முடியவில்லை என்று அரண்மனைக்கு முறையீடு போயிற்று. அமைச்சரவை மூன்று நாள் கூடி யோசித்தது. விலை ஏன் ஏறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. இளைஞர்கள் போதவில்லை என்று முடிவுசெய்தார்கள். மறுநாள் முரசு வந்தது.

"இளமை என்பது வயது அன்று, வீடு வாங்கும் ஆர்வமே இளமை. ஆகவே இன்றுமுதல், இதுவரை சொந்த வீடு வாங்காத அனைவரும் இளைஞர் என்று அறியப்படுவர்!"

அடேயப்பா, அன்றைக்கு, இந்த ஜாமீனுக்கென்றே அரண்மனை திறந்த ஜாமீன்துறையின் வாசலில் நின்ற இளைஞர் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பல் போன இளைஞர்கள், கைத்தடி ஊன்றிய இளைஞர்கள். அறுபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேரனும் இளைஞன்தான். அவனுக்குத் தாத்தாவின் பின்னால் இடம் கிடைத்தது. வாங்குகிறவர்கள் மூன்று மடங்கானார்கள், வீடுகள் அதே எண்ணிக்கையில் இருந்தன. விலை இன்னும் ஏறியது.

"நாப்பது நாளுன்னு பயந்து ஓடிப்போயி வாங்குனோமே," என்று சீராளன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"இன்னைக்கு வாங்கியிருந்தா இன்னும் கூடத்தான் குடுத்திருப்போம். விடுங்க," என்றாள் வடிவு. அது உண்மை. உண்மையாக இருந்தாலும் அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

மகாராஜா ஜாமீன்தாரர் ஆகிவிட்டதால் வழக்கப்படி அவருக்கு ஓர் அறை விடவேண்டும். வடிவு உள்ளறையை ஒழித்துச் சாணம் மெழுகிக் கோலம் போட்டாள். ஜாமீன்துறையிலிருந்து முத்திரை குத்திய ஒரு முக்காலி வந்தது. அதை உள்ளறையில் வைத்து, பழைய பட்டுத்துணி ஒன்றை மேலே போர்த்தினார்கள். மகாராஜா அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பதாக ஐதீகம். முன்கூடத்தில் அப்பாவின் கட்டிலைப் போட்டார்கள்.

அந்த ஏழு மாதத்தைப்போல ஒரு காலம் வடிவுக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. கூடத்துக் கட்டிலில் சாய்ந்தபடி தூண்டிமுத்து தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். மோர்க்காரியிடம் விலை பேசினார். தெருவில் விளையாடும் பிள்ளைகளின் சண்டைக்குக் கூடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "யாரு வீடு இது?" என்று எவராவது கேட்டால் போதும், "எம்மக வீடு!" என்று அவர் போடுகிற சத்தத்தில் ஆற்றங்கரைக் கொக்கு பறக்கும். கிடங்கிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே அவளுக்கு அந்தக் குரல் கேட்டுவிடும். அப்போது அவளுக்குக் கடன் மறந்துபோகும்.

ஐப்பசியில் ஜாமீன்துறை அதிகாரி திருமேனிநாதர் அளவுகயிற்றோடு வந்தார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துவைப்பவர்போலப் பேசுவார். உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தவருக்கு முகம் வாடிவிட்டது.

"மகாராஜா உங்களை நம்பி ஜாமீன் நின்றார். நீங்கள் அவரை அரிசிமூட்டைக்குப் பக்கத்தில் அமர்த்தியிருக்கிறீர்கள்."

"ஐயா, வழக்கம் அதுதானுங்களே. எல்லா வீட்டுலயும் ஜாமீன்தாரருக்கு உள்ளறைதானுங்களே."

"தாய்மாமன்களுக்கு அது பொருந்தும். இவர் மகாராஜா. நேற்றைய ஆணையின்படி ஜாமீன் வீடுகளில் முகப்புக் கூடமே அரசறை. அங்கே நோயாளர், அழுகை, உலர்த்திய துணி, உரத்த பேச்சு ஆகியவை கூடா."

"அவரு ஒருநாளும் இங்க வரலியே ஐயா."

"வரவில்லை என்பது செய்தி அம்மா. வந்தால் என்பது நிர்வாகம். நாங்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள்."

கட்டில் உள்ளறைக்குப் போயிற்று, முக்காலி கூடத்துக்கு வந்தது. உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. தூண்டிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கொஞ்சநாள் பேசவே இல்லை. உரத்த பேச்சு கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்.

"ஆயிரம் ஆணைய நான் வாசிச்சிருப்பேன் தாயி. ஒண்ணையாவது காதுகுடுத்துக் கேட்டிருக்கணும். அடி சரியா விழுதான்னே பாத்துக்கிட்டிருந்துட்டேன். உன்னையும் கெடுத்துட்டேன்."

"சும்மா இருங்கப்பா. நீங்க சொல்லாட்டியும் நான் வாங்கியிருப்பேன்."

அவள் வாங்கியிருக்கமாட்டாள். அது அவருக்கும் தெரியும். அவர் கஞ்சியைக் குடித்தார்.

அடுத்த வருஷம் கருவூல அமைச்சர் ஒரு கணக்கைச் சபையில் வைத்தார். பன்னிரண்டாயிரம் வீடுகளில் மகாராஜாவுக்குப் பன்னிரண்டாயிரம் கூடங்கள் இருக்கின்றன, எல்லாம் சும்மா கிடக்கின்றன, ஜாமீன் நிற்கும் பெரும்பாரத்தை அரண்மனை எத்தனை நாள்தான் வெறுங்கையோடு சுமப்பது என்று கேட்டார். சபை கண்கலங்கியது. அரசறைகளை வாடகைக்கு விடலாம் என்று ஆணை பிறந்தது. வாடகை கருவூலத்துக்கு, கூட்டிப் பெருக்குகிற வேலை வீட்டுக்காரருக்கு.

வடிவின் கூடத்தை வாடகைக்கு எடுத்தவர் வேறு யாரும் இல்லை, மாடக்கண்ணுதான். அதே கூடத்தில் அவர் பிறந்து தவழ்ந்தவர். அதை விற்ற பணத்தில் வீட்டுத்தரகு தொடங்கியிருந்தார். இப்போது பாய் விரித்து, பக்கத்தில் முக்காலியை மரியாதையாக வைத்துக்கொண்டு, வருகிற இளைஞர்களுக்கு வீடு காட்டினார்.

"உனக்கு ஒண்ணும் சங்கடமில்லையேம்மா?" என்று முதல்நாள் கேட்டார்.

"எனக்கு என்ன அண்ணாச்சி. ராஜா அறை. உங்களுக்குக் குடுத்திருக்காங்க."

"நான் எடுக்கலேன்னா வேற எவனாவது கசாப்புக் கடை போட்டிருப்பான். அதான் நானே எடுத்தேன்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தக் கதையில் எல்லோர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்துதொலைத்தது, அதுதான் கொடுமை.

தினமும் புதுக்கல்யாணத் தம்பதிகள் வந்தார்கள். மஞ்சள் காயாத கயிறும், கண்ணில் ஆசையுமாகப் பாயில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்தார்கள், சுவரைத் தடவினார்கள். ஒருநாள் அப்படி வந்த பெண்ணுக்கு வடிவு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும்.

"அக்கா, இந்த வீடு உங்களுதா?"

"ஆமாம்மா."

"ராஜா ஜாமீன்லயா வாங்குனீங்க?"

"ஆமா."

"குடுத்துவச்சவங்கக்கா நீங்க. நாங்களும் இன்னைக்குக் கையெழுத்துப் போடப்போறோம்."

உள்ளறையிலிருந்து அப்பா இருமுகிற சத்தம் வந்தது. மாடக்கண்ணு இவளைப் பார்த்தார். வடிவு வாயைத் திறந்தாள். இவ்வளவு தூரம் பாடுபட்டு வாங்கிய வீட்டைப்பற்றி, யாரோ ஒரு பெண்ணிடம், நான் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது? "நல்லா இரும்மா," என்று சொல்லிச் செம்பை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தாழைநாட்டில் வீடு வாங்கிய எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தராவது வேறு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணின் முகம் அதன்பின் எத்தனையோ நாள் கோணி தைக்கும்போது அவள்முன் வந்து நின்றது.

வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்றான் சீராளன். மாடக்கண்ணுவிடமே கேட்டார்கள். அவர் நெடுநேரம் மோவாயைத் தடவினார்.

"விக்கலாம் தம்பி. ஆனா கூடம் ராஜாவோடது, அத நீ விக்க முடியாது. கூடமில்லாத வீட்ட எவன் வாங்குவான்? அதுவுமில்லாம ஒருதரம் வித்துட்டா அப்புறம் நீ இளைஞன் கெடையாது. திரும்பவும் வாடகைக்குத்தான் போகணும்."

வாடகைக்கு என்றதும் வடிவு உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கட்டிலோடு மறுபடியும் தெருத்தெருவாக அலைய வேண்டும். "வேண்டாம்," என்றாள். "இங்கயே இருப்போம். அந்த நேரம் வந்தா ஒருநாளு கூடத்தைக் குடுக்கமாட்டாங்களா? மனுசங்கதானே."

மாசி மாதம் ஒரு காலை, கஞ்சியோடு உள்ளறைக்குப் போனாள். அப்பா சுவரைப் பார்த்தபடியே போயிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. ஊரையே கூப்பிடும் குரல் வைத்திருந்த மனுஷர், பக்கத்து அடுப்படியில் இருந்த மகளைக்கூடக் கூப்பிடாமல் போய்விட்டார். வடிவு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதால் கூடத்தில் கேட்கும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் மாடக்கண்ணு பாயைச் சுருட்டிவிட்டார். வந்திருந்தவர்களையும் அனுப்பினார். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல தாயி. எம்மேல சத்தியமா இல்ல. ஆனா அறை ராஜாவோடது. ஜாமீன்துறையக் கேக்காம கெடத்துனா நாளைக்கு உன்னையும் வெளிய தள்ளிருவாங்க, என்னையும் தள்ளிருவாங்க."

ஜாமீன்துறைக்கு இப்போது தெருவுக்குத் தெரு கிளை இருந்தது. கால்நாழிகையில் திருமேனிநாதர் வந்துவிட்டார். வாசலிலேயே தலைப்பாகையைக் கழற்றினார். மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து வாசித்தார்.

"தங்கள் இல்லத்தில் நேர்ந்த இழப்பை அறிந்து ஜாமீன்தாரர் என்ற முறையில் மகாராஜா மிகவும் வருந்துகிறார்." ஓலையை மடித்தார். "இறந்தவர் பெயர் எழுத இதில் இடம் விட்டிருக்கிறது. பிறகு எழுதிக்கொள்ளலாம்."

"ஐயா, ஒருநாளு. அந்திவரைக்கும் போதும். எங்கப்பாவக் கூடத்துல கெடத்தணும்."

"தாராளமாக. ஆணையில் அதற்கு வழி இருக்கிறது. அரசறையை நாள் வாடகைக்குத் தருகிறோம். வாடகையை மாதக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம், இப்போதே தரவேண்டும் என்பதில்லை. அவ்வளவு இரக்கமில்லாதவர்கள் அல்லர் நாங்கள். ஆனால் பிறகு தருவதாக இருந்தால் அதற்கு ஒரு ஜாமீன் வேண்டும்."

"ஜாமீனுக்கு நாங்க எங்க போவோம்?" என்றான் சீராளன்.

"கவலை வேண்டாம் தம்பி. தகுந்த ஜாமீன் இல்லாதவர்களுக்கு மகாராஜாவே நிற்பார்." திருமேனிநாதர் குரலைத் தாழ்த்தினார். "வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜாமீன்தாரருக்கு ஓர் அறை. உள்ளறை இன்று காலைவரை உபயோகத்தில் இருந்தது என்றும், இப்போது காலியாகிவிட்டது என்றும் அறிகிறேன்."

உள்ளறையும் போனால் அடுப்படிதான் மிச்சம். மாடக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதாத வடிவு," என்றான் சீராளன். அவன் குரல் உடைந்திருந்தது. "மாமா போயிட்டாரு. அவருக்கு இனி எங்க கெடந்தா என்ன? தெருவுல பந்தல் போடுவோம். நாலு மணிநேரம். நம்ம இருக்கிற காலத்துக்கும் அறை வேணும்ல? நாளைக்குப் புள்ள பொறந்தா எங்க போடுவ?"

"தெருவில் கிடத்த எந்தத் தடையும் இல்லை," என்று திருமேனிநாதரும் எடுத்துச் சொன்னார். "தெரு எல்லோருக்கும் பொது."

வடிவு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடு சாணி போட்டுக்கொண்டு நின்றது. புருஷன் சொல்வதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் வீடே இந்த ஒருநாளுக்காகத்தானே?

"குடுங்க," என்றாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

அதிகாரி படிவத்தை முக்காலிமேல் விரித்து, எழுத்தாணியை எடுத்துக்கொண்டார்.

"வீட்டு உரிமையாளர் பெயர்?"

"வடிவு."

"கூடத்தை வாடகைக்குக் கேட்பவர் பெயர்?"

"வடிவு."

அவர் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரு பிசகும் இல்லாமல், அழகான எழுத்தில் எழுதினார். சீராளனுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு கண்ணுக்குத் தெரியலியா ஐயா?"

"தெரிகிறது தம்பி." திருமேனிநாதர் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் வெறும் களைப்பு மட்டும் இருந்தது. "இந்தப் படிவத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் வருகிறது. போன மாதம் என் வீட்டில்கூட அப்படித்தான் எழுதினேன். என் அம்மாவுக்காக."

வடிவு கையெழுத்துப் போட்டாள். தூண்டிமுத்துவைத் தூக்கிவந்து, கூடத்தின் நடுவில், தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். பழைய முரசுக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள், மோர்க்காரி வந்தாள், தெருப்பிள்ளைகள் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்தன. அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போதுதான் வடிவுக்கு அழுகை பீறிட்டு வந்தது. வாயைப் பொத்தாமல் அழுதாள். அன்றைக்கு மட்டும் அந்தக் கூடத்தில் அழலாம்.

வாடகை அந்திவரைக்கும்தான். அதனால் சீராளன் அடிக்கடி வாசலுக்குப் போய்ப் பொழுதைப் பார்த்துவிட்டு வந்தான்.